ஒருமனதாக நிறைவேறிய தடுப்பணை

போன மாதம் ஒரு பெண் என் வீட்டைத் தேடிக்கொண்டு சின்னசேலத்துக்கு வந்தார். ஊரக வளர்ச்சி வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லையாம். கையில் வழவழப்பான அட்டை போட்ட பழைய அறிக்கை ஒன்று. கல்வராயன் மலையில் ஓர் ஊராட்சிக்காக நாங்கள் தயாரித்த காலநிலைச் செயல்திட்டம் அது. மழை தவறினாலும், ஒரேயடியாகக் கொட்டினாலும் ஊர் எப்படித் தாக்குப்பிடிப்பது, அதற்கு எந்த வேலையை முதலில் செய்வது என்று ஊர்மக்களையே உட்காரவைத்துப் பேசி எழுதுகிற திட்டம். அட்டையில் தண்ணீர் ததும்பி நிற்கும் ஒரு தடுப்பணையின் படம்.

"மேடம், நாங்க எந்த ஊர்ல கூட்டம் போட்டாலும் சண்டையிலதான் முடியுது. உங்க அறிக்கையில மட்டும் அத்தனை பேரும் ஒரே வேலையைக் கேட்டிருக்காங்க. இப்ப அந்தத் திட்டத்தைப் புதுப்பிக்கச் சொல்லியிருக்காங்க. எப்படி மேடம் சாதிச்சீங்க? எங்க செட்டுல எல்லாருமே தெரிஞ்சிக்க ஆசைப்படறாங்க" என்றார்.

காபி கொடுத்தேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். வாயால் சொல்லப் புகுந்தால் பாதியில் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் ஒன்றும் அறியாத அந்தப் பெண்ணைத் திட்டிவிடுவேன் என்று பயமாக இருந்தது. எழுதித் தருவதாகச் சொன்னது இதைத்தான். பாராட்டுரை எதிர்பார்த்து வந்தவர் மன்னிக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பதவியின் பெயர் கிராம சேவிகா. பயிற்சியில் புகையில்லாத அடுப்புப் போடவும், கீரைப்பாத்தி கட்டவும், குழந்தையை எடை போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஜனங்களிடம் எப்படிப் பேசுவது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. நடுவில் பதவியின் பெயரை ஊர்நல அலுவலர் என்று மாற்றினார்கள். அடுப்பு போய்ச் சேமிப்புக்குழு வந்தது, அது போய்க் கழிப்பறை வந்தது, கடைசியில் காலநிலை வந்து சேர்ந்தது. பெயர் எத்தனை மாறினாலும் ஊர்ப் பெண்களுக்கு நான் கடைசிவரை சேவிகாம்மாதான்.

பேசத் தெரிந்தவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அது எலவனாசூர்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் கிடைத்தது. கடும் வறட்சி. எந்த நீர்நிலையை ஆழப்படுத்துவது என்று முடிவு செய்ய முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டோம். நிலக்காரர்கள் வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்தார்கள். ஏரியைத் தூர் வாருங்கள் என்று சொன்னார்கள், எழுதிக்கொண்டோம். கூட்டம் கலைந்து நான் பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் நின்றபோது களையெடுத்துவிட்டுப் பெண்கள் திரும்பினார்கள். அதில் ஒருத்தி களைக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டாள்.

"நாங்க கழனிக்குப் போன நேரமா பாத்துக் கூட்டம் போட்டுட்டு, ஆளு கம்மின்னு எழுதிக்கினு போறீங்களே, இது இன்னா நாயம்? ஏரி ரொம்புனா அவங்க கழனிக்குப் பாயும். எங்க காலனிக் குட்டை காஞ்சி கெடக்குது. ஆடு மாடு எங்க போயி குடிக்கும்?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மறுநாள் சாயங்காலம் அவர்கள் வேலை முடிந்து வந்த பிறகு காலனியிலேயே உட்கார்ந்து இன்னொரு கூட்டம் போட்டேன். இரண்டாவது தீர்மானத்தையும் புத்தகத்தில் ஏற்ற வைத்தேன். குட்டையைத் தூர் வாரினார்கள். ஊர்த்தெருவில் ஒரு வருஷம் எனக்கு யாரும் குடிக்கத் தண்ணீர் தரவில்லை. போகட்டும், பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஒரு குட்டையை வைத்தே பல வருஷம் பெயர் வாங்கினேன். கூட்டத்தில் வருவது பாதிதான், மீதி கூட்டம் கலைந்த பிறகுதான் வரும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தேன். தெரியாமல் தப்புச் செய்தவள் அல்ல நான் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பணிக்காலத்தின் கடைசிப் பகுதியில் மலைக்கு மாற்றினார்கள். கச்சிராயபாளையத்தில் பஸ் மாறி, வளைவுகளில் ஏறி, வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து கிடைத்த வண்டியில் போய், கடைசியில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் ஆட்களை அடையாளம் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஊரை ஓர் ஓடை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. இக்கரையில்தான் பெரிய குடியிருப்பு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம். அக்கரையில் எட்டே வீடுகள். பின்னால் வந்து குடியேறியவர்கள். அவர்களுக்குப் பட்டாவும் கிடையாது, ஊர்க்கூட்டத்தில் முன்வரிசையும் கிடையாது. ஓடையைக் கடப்பதற்குப் பெரிய பெரிய நடைகற்கள் போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளம் வந்தால் ஒரு பொழுது காத்திருப்பார்கள், வடிந்ததும் கல் தெரியும், தாண்டுவார்கள். ஆனால் சில வருஷங்களாக மழையின் போக்கே மாறிவிட்டது. மாதக்கணக்கில் வானம் வெளுத்துக் கிடக்கும். பிறகு ஒரு மாத மழை ஒரே நாளில் இறங்கும். அப்போது அந்த எட்டு வீடும் தனியாக மாட்டிக்கொள்ளும்.

செயல்திட்டக் கூட்டத்துக்கு எங்கள் அதிகாரியே நேரில் வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாற்காலி கொண்டுவந்தால் வேண்டாம் என்று தரையில் உட்காருவார். கேழ்வரகுக் களி கொடுத்தால் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார். எங்கள் குறிப்புகளைத் திருத்தும்போது பச்சை மையில், அளவுகோல் வைத்து, நேராக அடிப்பார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு சுருக்கொப்பம் போடுவார். ஒரு வரி அடிபட்டது என்று தெரியுமே தவிர, என்ன வரி என்று யாராலும் படிக்க முடியாது. அவ்வளவு சுத்தம். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் நா எழவில்லை.

கூட்டம் நடத்துகிற முறை எங்களுக்குப் பாடம். பள்ளிக்கூடத்து முன்னால் தரையைப் பெருக்கிக் கோலமாவில் நான்கு வட்டம் போட்டோம். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு படம் வைத்தோம். தடுப்பணை, குடிநீர்த் தொட்டி, மரக்கன்று, ஓடையின் குறுக்கே நடைபாலம். வந்த பெரியவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஐந்து புளியங்கொட்டை. எந்த வேலை முதலில் வேண்டுமோ அந்த வட்டத்தில் கொட்டையை வைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் கருத்தைச் சொல்லலாம், பெண்களும் பயமில்லாமல் சொல்லலாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதிகாரி ஒவ்வொரு படத்தையும் விளக்கினார். தடுப்பணையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசினார்.

முதலில் ஊர்க்கவுண்டர் எழுந்தார். ஊருக்குத் தலைவர் அவர், நிதானமான மனிதர். நேராகப் போய்த் தடுப்பணை வட்டத்தில் ஐந்து கொட்டையையும் வைத்தார். அடுத்தவரும் அங்கேயே வைத்தார். அதற்கடுத்தவரும் அப்படியே. ஆண்கள் முடிந்து பெண்கள் வந்தார்கள். ஒருத்தியும் மற்ற மூன்று வட்டங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு வீட்டுக்காரர்கள் கடைசியாக வந்தார்கள். அதில் வெள்ளச்சி என்கிற நடுவயதுக்காரி நடைபாலத்து வட்டத்துக்கு எதிரில் வந்து நின்றாள். கை நீளவில்லை. பின்னால் அவளுடைய மருமகள் தீர்த்தம், கல்யாணமாகி வந்து சில மாதமே ஆன பெண், "நட அத்த" என்று சிரித்துக்கொண்டே தள்ளினாள். வெள்ளச்சி நகர்ந்துபோய்த் தடுப்பணை வட்டத்தில் வைத்தாள்.

புளியங்கொட்டை குவியலாகக் கிடந்தது. மூன்று வட்டங்கள் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன. அதிகாரிக்கு மகிழ்ச்சி. படம் எடுத்தார்கள். தீர்மானத்தில் "ஒருமனதாக" என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினோம்.

நான் வகுப்பெடுத்தபடியே கூட்டம் கலைந்த பிறகு கொஞ்சம் தங்கினேன். களி கிண்டிய பாத்திரங்களை ஓடையில் பெண்கள் துலக்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளச்சி பக்கத்தில் போய்க் குந்தினேன். மலையில் யாரையும் நீ என்றுதான் பேசுவார்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

"நீ பாலத்துக்கு எதிர்ல நின்னியே, ஏன் அங்க வைக்கல?" என்று கேட்டேன்.

"எப்டிம்மா வைக்கிறது? வெதைக்கிற அன்னிக்குக் கவுண்டரு கை வச்ச பொறவுதான் நாங்க கை வைப்போம். அவரு வச்ச எடத்த வுட்டுட்டு வேற எடத்துல கொட்டையப் போட்டா ஊருக்கு ஆவாதுன்னு சொல்லுவாங்க. நீங்க கொட்டையக் கையில குடுத்துட்டீங்க. அவரு அங்க போட்டுட்டாரு. நான் ஒருத்தி இங்க போட்டா நாளைக்கி வெள்ளாம கெட்டாலும் என்னத்தான் சொல்லுவாங்க."

ஓட்டுப் போடுவதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் விதைத்துக்கொண்டிருந்தார்கள். கூழாங்கல்லோ, சோளத்தட்டைத் துண்டோ கொடுத்திருந்தாலாவது வேறு மாதிரிப் போயிருக்கலாம்.

"அப்ப உனக்கு இன்னாதான் வேணும்?"

"பாலந்தாம்மா வேணும். மழ வந்தா நாங்க எட்டு வூடும் அந்தாண்டயே மாட்டிக்கினு கெடக்குறோம். புள்ளைங்க பள்ளிக்கூடம் போவ முடியல. ரேசன் வாங்க முடியல. மேலு வலின்னா ஆசுபத்திரி போவ முடியல. எட்டு வூட்டுப் பொம்பளைங்களயும் தனியா கூப்புட்டுக் கேளு. எல்லாம் அதான் சொல்லுவாளுங்க. எப்ப வர?"

"அடுத்த வாரத்துக்குள்ள வரேன்" என்றேன்.

மறுநாள் அலுவலகத்தில் என் குறிப்பைக் கொடுத்தேன். அக்கரைப் பெண்கள் நடைபாலத்தையே முதன்மையாகக் கருதுகிறார்கள், தலைவரின் முடிவை மீற முடியாமல் தடுப்பணைக்குக் கொட்டை வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். அதிகாரி முழுதாகப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லாக் கவனிச்சிருக்கீங்கம்மா. ஆனா இது கூட்டம் முடிஞ்ச பிறகு சொன்னதுதானே? கூட்ட நடவடிக்கையில எப்படிச் சேர்க்கிறது? ஒருமனதாங்கிற வார்த்தை இருந்தா மேல ஒரு கேள்வியும் வராது. ஒரு வரி மாறினாலும் ஃபைல் திரும்பி வரும். பாலத்துக்கு வன அனுமதி வாங்கணும். அது வர்றதுக்குள்ள நானும் ரிட்டயர், நீங்களும் ரிட்டயர்."

"அப்ப அக்கரையில இன்னொரு கூட்டம் போடலாம் சார்."

"தாராளமாப் போடுங்க. வெள்ளிக்கிழமை அறிக்கை போகணும். அதுக்குள்ள முடிஞ்சா சேர்த்துக்கலாம்."

அன்று புதன்கிழமை. வியாழக்கிழமை முழுவதும் எனக்கு இருந்தது. அதிகாரி தடுத்தார் என்று எழுதினால் எனக்குச் சௌகரியம். அவர் தடுக்கவில்லை. திருக்கோவிலூரில் என் தங்கை புது வீடு கட்டிக் குடிபோனாள், அந்த வியாழக்கிழமைதான் விசேஷம். முன்கூட்டியே லீவு சொல்லியிருந்தேன். மலை ஏறி இறங்க ஒரு நாள் ஆகும், முட்டி வேறு வலிக்கிறது, எப்படியும் பாலம் வரப்போவதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனேன். விருந்து நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை என் குறிப்பின் மேல் அளவுகோல் வைத்துப் பச்சைக் கோடு விழுந்திருந்தது. அறிக்கையோடு இணைக்கும் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. பெண்கள், பின்தங்கிய குடும்பங்கள் ஆகியோரின் கருத்து தனியாகக் கேட்டறியப்பட்டதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுவதற்கு இடம் இல்லை. நான் வெள்ளச்சியிடம் தனியாகக் கேட்டிருந்தேன் அல்லவா? அதனால் ஆம் என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லை. இதைவிடக் கேவலமாக நான் ஒரு கையெழுத்தும் போட்டதில்லை.

தடுப்பணை ஒரு வருஷம் போலக் கழித்து வந்தது. நடைகற்களுக்குச் சற்றுக் கீழே பாறை நல்ல பாறை என்று பொறியாளர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். முதல் மழையிலேயே நிரம்பியது. மரவள்ளிக்குத் தண்ணீரும் கிணறுகளுக்கு ஊற்றும் வந்தன, அதை மறுக்க முடியாது. ஆனால் தேங்கிய தண்ணீர் நடைகற்களை மூழ்கடித்துவிட்டது. முன்பு ஒரு பொழுதில் வடிந்த ஓடை இப்போது ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் ஆழமாக நின்றது.

அறிக்கையைப் புத்தகமாக அச்சடிக்க முடிவானபோது, அதன் அட்டைக்குப் படம் எடுக்க மறுபடியும் போனோம். அப்போதுதான் பார்த்தேன். அணைச் சுவரின் தலைப்பில் ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். இரண்டடி அகலம் இருந்தால் அதிகம். மேலே பாசி. ஒரு பக்கம் தேங்கிய தண்ணீர், இன்னொரு பக்கம் பாறை. தலையில் விறகுக்கட்டு, இடுப்பில் பிள்ளை. படம் எடுக்கிறவர் கையை ஆட்டி, "கொஞ்சம் ஒதுங்குங்கம்மா, அணை மட்டும் வரணும்" என்றார். அவர்களும் ஒதுங்கிக் காத்திருந்தார்கள்.

ஊர்க்கவுண்டரிடம் கேட்டேவிட்டேன். "பாலம் தேவைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம இன்னாம்மா? எங்கப்பன் காலத்துலேர்ந்து பாலம் கேட்டுப் பாத்தாச்சி. உங்க ஆபிசரு அணையப் பத்திதான் ஜாஸ்தி நேரம் பேசுனாரு. இவங்க இதத்தான் குடுக்க வந்திருக்காங்கன்னு தெரிஞ்சி போச்சி. வராத பாலத்துக்குக் கை வச்சா வர்ற அணையும் போயிடுமேன்னு அங்க வச்சேன்."

ஆக, அவர் எங்களைப் பார்த்து வைத்தார், ஊர் அவரைப் பார்த்து வைத்தது, நாங்கள் அதை மக்களின் விருப்பம் என்று எழுதிக்கொண்டு வந்தோம். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

சுவரின் மேல் ஒரு கைப்பிடிக் கம்பியாவது போட வேண்டும் என்று குறிப்பு எழுதினேன். அதிகாரி என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"தடுப்பணை நடக்கிறதுக்குக் கட்டினது இல்லம்மா. கம்பி போட்டா நடங்கன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும். அப்புறம் யாராவது விழுந்தா நம்ம பொறுப்பு. எச்சரிக்கைப் பலகை ஒண்ணு வச்சிடுவோம்."

பலகை வைத்தார்கள். நான்தான் கூட இருந்து வைத்தேன். எட்டு வீட்டுப் பெண்களில் படிக்கத் தெரிந்தவள் தீர்த்தம் ஒருத்திதான், எட்டாவது வரை படித்தவள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "தடுப்பணை மீது நடக்கக் கூடாது. மீறினால் ஏற்படும் விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வேற எப்டி போறதுன்னு கீழ எழுதலியே, சேவிகாம்மா?"

கிண்டலாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று எனக்குப் புரியவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு வண்டி ஏறினேன்.

அடுத்த மழைக்காலத்தில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் மழை வெறித்தது. வீட்டில் அரிசி இல்லை. ரேஷன் கடை திறந்திருக்கிறது என்று இக்கரையிலிருந்து யாரோ கூவிச் சொல்லியிருக்கிறார்கள். தீர்த்தம் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது சுவரின் மேல் ஒரு சாண் தண்ணீர்தான் வழிந்திருக்கிறது. அரிசி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பும்போது மலைக்கு மேலே எங்கோ பெய்த தண்ணீரும் சேர்ந்து வந்தது. வெள்ளச்சி பேரனை வைத்துக்கொண்டு அக்கரையில் நின்றாள். வராதே, திரும்பிப் போ என்று கத்தினாளாம். தண்ணீர் இரைச்சலில் கேட்கவில்லை. பாதி வரை நன்றாகத்தான் நடந்து வந்தாள் என்று வெள்ளச்சி பிறகு என்னிடம் சொன்னாள். மூட்டையைக் கீழே போட்டிருந்தால் சமாளித்திருப்பாளோ என்னவோ, அவள் போடவில்லை. கீழே பாறை இடுக்கிலிருந்து உடலை மறுநாள்தான் எடுத்தார்கள்.

விசாரணைக்கு மாவட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். கூட்டம் நடந்த அதே பள்ளிக்கூடத்து முன்னால் மேசை போட்டார்கள். கோப்பை எடுத்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். என் அதிகாரி தன் வழக்கமான மெல்லிய குரலில் விளக்கம் சொன்னார். ஊர்மக்களே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த வேலை, பெண்களின் கருத்தும் தனியாகக் கேட்கப்பட்டிருக்கிறது, எச்சரிக்கைப் பலகையும் வைக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் காகிதம் இருந்தது. பாதிக் காகிதத்தில் என் கையெழுத்து.

அப்போதுதான் ஒருமனதாக என்ற வார்த்தை எதற்குப் பயன்படும் என்று எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் மக்கள் பங்கேற்பு, மக்கள் பங்கேற்பு என்று நான் தொண்டை கிழியக் கத்தியது, கடைசியில் நீங்கள்தானே கேட்டீர்கள் என்று அவர்களிடமே திருப்பிச் சொல்வதற்கு உதவியது.

வெள்ளச்சியைக் கூப்பிட்டார்கள். பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"இந்தத் தீர்மானத்துல நீங்களும் கைநாட்டு வச்சிருக்கீங்க. இது உங்களுதுதானா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"என்துதாங்க."

"தடுப்பணை வேண்டாம், பாலம்தான் வேணும்னு அப்பவே யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

நல்ல மனிதர்தான் போலிருக்கிறது. யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். வெள்ளச்சி திரும்பி என்னைப் பார்த்தாள். என் மடியில் கோப்பு இருந்தது. அதற்குள் பச்சைக் கோட்டுக்கு அடியில் அவள் சொன்னது இருந்தது. எழுந்து, என்னிடம் சொன்னாள் ஐயா என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஓய்வு பெற எனக்கு நான்கு மாதம் இருந்தது. விசாரணை என் மேல் திரும்பினால் ஓய்வை நிறுத்தி வைப்பார்கள் என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். நான் கோப்பின் நாடாவைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு வேண்டிய அளவு நேரம் கொடுத்தாள்.

"இல்லீங்க. யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

எழுதிக்கொண்டார்கள். அதற்கும் கைநாட்டு வாங்கினார்கள்.

எல்லோரும் வண்டி ஏறப் போனபோது நான் அவள் பின்னால் ஓடினேன். ஓடைக்கரையில் பிடித்தேன். "ஏன் அப்படிச் சொன்ன? என்கிட்ட சொன்னேன்னு சொல்லியிருக்கலாமே" என்று அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். அவள் அழவில்லை.

"உன் மூஞ்சியப் பாத்தேன். வேலைக்கிப் பயந்துகினு இருக்கறன்னு தெரிஞ்சிது. நான் சொன்னா உன்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்பறம் எங்களுக்கு அங்க யாரு இருக்கா? நீ வேலையில இருந்தாத்தானம்மா எங்களுக்குப் பாலம் வாங்கிக் குடுப்ப?"

பேரனைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு சுவரின் மேல் ஏறி நடந்தாள். கூடப் போகிறேன் என்று சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லை. அக்கரை சேருகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிச்சமிருந்த நான்கு மாதத்தில் பாலத்துக்காக மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் ஏதோ ஒரு மேசையில் இருக்கின்றன. பிறகு மாலை போட்டு, சால்வை போர்த்தி, மக்களோடு மக்களாக வாழ்ந்தவர் என்று பேசி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓய்வூதியம் மாதாமாதம் வருகிறது. அதிகாரியும் ஓய்வு பெற்றுவிட்டார். பாலம் இல்லை.

என்னைத் தேடி வந்த பெண்ணே, அந்த ஊருக்கு இனிமேல் நீங்கள்தான் போக வேண்டும். முதலில் அக்கரைக்குப் போங்கள். நீங்களே அந்தச் சுவரின் மேல் நடந்து போங்கள். எட்டு வீட்டுப் பெண்களோடு உட்காருங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், இடம் இல்லாவிட்டால் தனித்தாள் வைத்துத் தையுங்கள். அந்த வாரம் உங்கள் வீட்டில் என்ன விசேஷம் இருந்தாலும் போங்கள்.

வெள்ளச்சியின் மகனிடம் கைப்பேசி இருக்கிறது. மழை பிடிக்கும் நேரத்தில் அவள் அவனிடம் என் எண்ணைப் போடச் சொல்வாள். போன வாரமும் கூப்பிட்டாள். நான் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"சேவிகாம்மா, ஆபிசுலயா இருக்க? பாலம் எழுதிப் போட்டியா?"

"ஆமா வெள்ளச்சி, ஆபிசுலதான் இருக்கேன்" என்று சொன்னேன்.